கீழாநெல்லிதானா? காய் கீழே இருப்பது மட்டும் போதாது

"கிளையைத் திருப்பிப் பார், இலைக்கு அடியில் வரிசையாகக் காய் இருந்தால் அது கீழாநெல்லி." ஊர்ப்பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த அடையாளம் இது. தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. தமிழ்நாட்டு வரப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் இப்படி இலைக்கு அடியில் காய் தொங்கும் சிறு செடிகள் குறைந்தது நான்கு இருக்கின்றன. நான்கும் ஒரே பேரினம், நான்கும் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடுபவை, நான்கும் மழைக்குப் பிறகு முளைத்துக் காய்த்து மடிபவை. மருந்துக்காக நாம் தேடும் கீழாநெல்லி அவற்றில் ஒன்று. அதன் தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ்.

இந்தக் குழப்பம் படித்தவர்களையும் விடவில்லை. பிரிட்டிஷ் காலத் தாவர நூல்களில் இந்தியக் கீழாநெல்லிக்கு 'பில்லாந்தஸ் நிரூரி' என்று பெயர் கொடுத்திருந்தார்கள். 1985இல் மித்ரா, ஜெயின் என்ற இரு தாவரவியலாளர்கள் பழைய மாதிரிகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது, அந்த ஒரே பெயருக்குள் அமாரஸ், ஃப்ராட்டெர்னஸ், டெபிலிஸ் என்று மூன்று இனங்கள் கலந்து கிடந்தன. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம் ஊரில் வளர்வதில்லை. இன்றும் மருந்துப் புட்டிகளின் லேபிளிலும் கைபேசிச் செயலிகளிலும் 'நிரூரி' என்ற பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்தால் "மேற்கொண்டு சரிபார்க்க வேண்டும்" என்று எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நடைமுறையிலும் இது சின்ன விஷயம் இல்லை. தென்னிந்தியாவில் 25 நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை வாங்கிச் சோதித்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. 76 விழுக்காட்டுக் கடைகளில் சரக்கு பெரும்பாலும் அமாரஸாகவே இருந்தது. மற்ற கடைகளில் இருந்தவை டெபிலிஸ், ஃப்ராட்டெர்னஸ், யூரினேரியா, மேலாநெல்லி என்று வேறு இனங்கள். யாரும் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று இதைக் கொள்ள வேண்டியதில்லை. பறிப்பவர் காய் கீழே இருப்பதைப் பார்த்துப் பறித்திருப்பார். ஆனால் அமாரஸில் நிறைய இருக்கும் பிலாந்தின் என்ற வேதிப்பொருள், யூரினேரியா, டெபிலிஸ் போன்றவற்றில் இல்லை அல்லது மிகக் குறைவு. பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் உள்ளடக்கம் ஒன்று இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டி, காய் கீழே இருக்கிறது என்று நீங்கள் பார்த்து முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது.

எப்போது போவது, என்ன எடுத்துப்போவது

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த பிறகு, கார்த்திகை முதல் தை வரை, நல்ல காலம். தண்ணீர் பாயும் தோட்டங்களிலும் பூந்தொட்டிகளிலும் நர்சரிகளிலும் வருடம் முழுக்கக் கிடைக்கும். வாய்க்கால் கரை, வாழைத்தோப்பின் நிழல் ஓரம், சுவர் அடி, செங்கல் குவியல் பக்கம் எல்லாம் தேடலாம்.

காலையில் போங்கள். பொழுது சாயும்போது இந்தச் செடி இலைகளை மடக்கிக்கொள்ளும். கிளையே மெலிந்து குச்சிபோல ஆகிவிடும். மாலை 6 மணிக்கு எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இலை அமைப்பைப் பேச முடியாது.

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுவே போதும். பூ 2 மி.மீ.கூட இருக்காது, விதை 1 மி.மீ.தான். லென்ஸ் இல்லாமல் முதல் மூன்று படிகள் வரை போகலாம், அதற்கு மேல் எல்லாம் ஊகம். அப்புறம் ஒரு வெள்ளைத் தாள், மி.மீ. கோடு போட்ட ஸ்கேல், குண்டூசி, சின்னக் காகிதப் பொட்டலம் இரண்டு மூன்று. இவ்வளவுதான்.

செடியைப் பிடுங்குவதற்கு முன் நின்றபடியே ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிடுங்கினால் கொஞ்ச நேரத்திலேயே இலை மடங்கத் தொடங்கும்.

முதல் படி: பால் வடிகிறதா?

தண்டைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் விட்டுவிடுங்கள், அது நெல்லிப் பேரினமே இல்லை. அம்மான் பச்சரிசியும் சித்திரப்பாலாடையும் இந்தச் சோதனையிலேயே வெளியே போய்விடும். அவற்றில் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும், கீழாநெல்லியில் ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி இருக்கும். முன்பு இவை எல்லாம் ஆமணக்குக் குடும்பம் என்ற ஒரே கூட்டில் இருந்தன. இப்போது நெல்லிக்குத் தனிக் குடும்பம் கொடுத்துப் பிரித்துவிட்டார்கள்.

ருசித்துப் பார்த்து அடையாளம் காணும் பழக்கம் சிலருக்கு உண்டு. கீழாநெல்லி கசக்கும் என்பது உண்மைதான். ஆனால் இன்னதென்று தெரியாத செடியை வாயில் வைக்கச் சொல்லி நான் யாருக்கும் எழுத மாட்டேன். கசப்பு வேறு பல செடிகளுக்கும் உண்டு, ஆகவே அது அடையாளமாகவும் பெரிதாக உதவாது.

இரண்டாம் படி: அது இலையா, கிளையா?

இங்கேதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் தடுமாறுவார்கள். நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் புளிய இலைபோல, தொட்டாற்சிணுங்கி இலைபோலத் தோன்றும். ஒரு காம்பு, அதன் இரு பக்கமும் சிற்றிலைகள். ஆனால் கீழாநெல்லியில் அது கூட்டிலை இல்லை, மெல்லிய கிளை. அதில் இருக்கும் ஒவ்வொன்றும் முழு இலை.

எப்படித் தெரியும்? கிளையைத் திருப்பி, இலை கிளையோடு சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே பூவோ காயோ இருக்கும். பூ வருவது இலையின் கக்கத்தில்தான். கூட்டிலையின் சிற்றிலைக்குக் கக்கத்தில் பூ வராது. புளியங்கன்றைத் திருப்பிப் பாருங்கள், சிற்றிலைகளுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. தவிர, புளியிலும் தொட்டாற்சிணுங்கியிலும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக எதிரே இருக்கும். கீழாநெல்லியில் மாறி மாறி, ஆனால் இரண்டே வரிசையில்.

அமாரஸின் ஒரு கிளை 4 முதல் 12 செ.மீ. நீளம், அதில் 15 முதல் 30 இலைகள். இலை 5 முதல் 11 மி.மீ. நீளம், 3 முதல் 6 மி.மீ. அகலம்; நுனி மழுங்கியோ வட்டமாகவோ இருந்து சில நேரம் ஒரு சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும். காம்பு இருப்பதே தெரியாது. இலையின் அடிப்புறம் வெளிறிய பச்சை. செடி முழுக்க எங்கேயும் முடி இல்லை. உயரம் பெரும்பாலும் 10 முதல் 60 செ.மீ.

நெல்லிமரத்தின் இளங்கன்றும் இதே கிளை அமைப்பு உடையது, அதுவும் பில்லாந்தஸ்தான். அதில் இலைகள் ஒடுங்கி நீண்டு நெருக்கமாக இருக்கும், தண்டு சீக்கிரமே கட்டையாகிவிடும். முக்கியமாக, அந்த உயரத்தில் காய் இருக்காது. கீழாநெல்லியோ முளைத்துச் சில வாரங்களிலேயே காய்க்கத் தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: நடுத்தண்டில் இலை இருக்கிறதா?

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். லென்ஸே தேவைப்படாத, ஆனால் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும் சோதனை இது.

கிளைகளை விலக்கிவிட்டு நடுத்தண்டை மட்டும் பாருங்கள். அமாரஸின் நடுத்தண்டில் பச்சை இலை ஒன்றுகூட இருக்காது (முளைத்த புதிதில் தோன்றும் சில இலைகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்). ஒவ்வொரு கிளை புறப்படும் இடத்திலும் பழுப்பு நிறத்தில் மிகச் சிறிய செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நடுத்தண்டின் இலை என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் செதில்தான். உண்மையான இலைகள் எல்லாம் பக்கக் கிளைகளில் மட்டும். செடி முதிரும்போது அடிக் கிளைகள் முழுதாகக் கழன்று விழும், கூட்டிலை உதிர்வதுபோல. அதனால் வயதான செடியின் அடித்தண்டு மொட்டையாக, தழும்புகளோடு நிற்கும்.

நடுத்தண்டிலேயே நல்ல பச்சை இலைகள் இருந்து, அந்த இலைகளின் கக்கத்திலும் பூ இருந்தால், உங்கள் கையில் இருப்பது வேறு கிளை அமைப்புள்ள இனம். இரண்டு பேர் இங்கே மாட்டுவார்கள். ஒன்று மேலாநெல்லி. மதராஸின் பெயரைத் தாங்கிய பில்லாந்தஸ் மெடராஸ்படென்சிஸ். இலை அடியில் குறுகி மேலே அகன்று ஆப்பு வடிவில் இருக்கும், தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இலை. கரிசல் நிலத்திலும் வறண்ட மேட்டிலும் தாராளமாக வளரும், அடித்தண்டு கட்டைத்து ஒரு பருவம் தாண்டியும் நிற்கும். இன்னொன்று பில்லாந்தஸ் விர்கேட்டஸ். இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், காய் நீளமான மெல்லிய காம்பில் தொங்கும்.

இந்தப் படியைத் தாண்டிய செடி அமாரஸ், யூரினேரியா, ஃப்ராட்டெர்னஸ், டெபிலிஸ், அப்புறம் தொட்டியில் முளைக்கும் டெனெல்லஸ், இந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இனிமேல்தான் லென்ஸுக்கு வேலை.

நான்காம் படி: சிவப்பை நம்பாதீர்கள், காயைத் தொட்டுப் பாருங்கள்

சிவப்புக் கீழாநெல்லி, செங்கீழாநெல்லி என்றெல்லாம் சொல்லப்படுவது பில்லாந்தஸ் யூரினேரியா. தண்டு சிவந்திருந்தால் அது, பச்சையாக இருந்தால் இது என்று சொல்லிக்கொடுப்பார்கள். நான் இதை ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்வேன். வெயில் சுட்டெரிக்கும் இடத்தில், சத்துக் குறைந்த மண்ணில், அமாரஸின் தண்டும் சிவக்கும். நல்ல நிழலில் வளர்ந்த யூரினேரியா கிட்டத்தட்டப் பச்சையாகவே இருக்கும். நிறம் இடத்தைப் பொறுத்து மாறும், காயின் மேற்பரப்பு மாறாது.

அமாரஸின் காய் வழவழப்பானது. மேலும் கீழும் சற்று அமுங்கிய உருண்டை, 2 மி.மீ. விட்டம், மூன்று புடைப்பாகப் பிரிந்திருக்கும். 1 முதல் 2 மி.மீ. காம்பில் தொங்கும். யூரினேரியாவின் காய் சொரசொரப்பானது; லென்ஸில் சிறு சிறு முண்டுகள் தெரியும், பல நேரம் சிவப்புத் திட்டுகளும். காம்பு இருப்பதாகவே தோன்றாது, கிளையோடு ஒட்டிவைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். 'தொங்குகிறதா, ஒட்டியிருக்கிறதா' என்ற ஒரே கேள்வி இந்த இரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் இலையின் விளிம்பை அடிப்பக்கமாக லென்ஸில் பாருங்கள். யூரினேரியாவில் விளிம்பையொட்டிக் குட்டையான விறைப்பு முடிகள் இருக்கும். விரலால் எதிர்த்திசையில் தடவினால் லேசாகச் சுரண்டும். கிளையும் உருண்டையாக இல்லாமல் தட்டையாக, ஓரத்தில் மெல்லிய சிறகு வைத்ததுபோல் இருக்கும். அமாரஸில் இவை எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: புல்லி இதழை எண்ணுங்கள்

ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கீழாநெல்லிப் பூவுக்கு அல்லி இதழ் கிடையாது. வெள்ளையும் பச்சையுமாகத் தெரிவது புல்லி இதழ்கள். நடுவில் பச்சைப் பட்டை, ஓரத்தில் வெளுத்த மெல்லிய கரை. பெண்பூ காயான பிறகும் அவை உதிராமல் காய்க்கு அடியில் தட்டுபோல் விரிந்து நிற்கும். இது நமக்குப் பெரிய வசதி. 2 மி.மீ. பூவைப் பிரித்து எண்ண வேண்டியதில்லை, முற்றிய காய் ஒன்றைக் காம்போடு கிள்ளி, வெள்ளைத் தாளில் கவிழ்த்து, காம்பு இருக்கும் பக்கமிருந்து லென்ஸில் எண்ணினால் போதும்.

ஐந்து இருந்தால் அமாரஸ் (அல்லது டெனெல்லஸ்). ஆறு இருந்தால் ஃப்ராட்டெர்னஸ், டெபிலிஸ், யூரினேரியா. மூன்றாம் படியில் தப்பி வந்த மேலாநெல்லி இருந்தாலும் அதற்கும் ஆறுதான்.

ஒரே காயை எண்ணி முடிவு கட்ட வேண்டாம். ஓர் இதழ் ஒடிந்துபோயிருக்கலாம், இரண்டு இதழ் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒன்றாகத் தெரியலாம். அபூர்வமாக அமாரஸிலேயே ஆறு இதழ்ப் பூ வரும். செடியின் வெவ்வேறு கிளைகளிலிருந்து ஒரு பத்துக் காய் எடுத்து எண்ணுங்கள். பெரும்பாலானவை ஐந்து என்றால் ஐந்து. குண்டூசி முனையால் இதழ்களை மெல்ல விரித்துவிட்டு எண்ணினால் படிந்திருப்பது தெரிந்துவிடும்.

டெனெல்லஸைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸ் இருக்கும் மஸ்கரீன் தீவுகளிலிருந்து நர்சரித் தொட்டிகளோடு உலகம் சுற்றிய செடி. அதன் காய்க்காம்பு நூல்போல மெலிந்து, அமாரஸ் காம்பைவிடப் பல மடங்கு நீளமாக இருக்கும். ஆண்பூவில் ஐந்து மகரந்தத்தாள்கள் தனித்தனியாக நிற்கும். அமாரஸில் மூன்று, அவையும் ஒன்றாக இணைந்திருக்கும். மாடித் தோட்டத் தொட்டியில் முளைத்ததைக் கீழாநெல்லி என்று பறிக்கப் போகிறீர்கள் என்றால் காம்பின் நீளத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: ஆண்பூ எங்கே, பெண்பூ எங்கே

ஒரே செடியில் ஆண்பூவும் உண்டு, பெண்பூவும் உண்டு. அவை கிளையில் எந்த வரிசையில் இருக்கின்றன என்பது இனத்துக்கு இனம் வேறு. இதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் அப்புறம் வயலில் நின்றபடியே சொல்லிவிட முடியும். இதழ் எண்ணும் வேலைகூட உறுதி செய்துகொள்ள மட்டும்தான்.

நன்கு வளர்ந்த கிளை ஒன்றைக் கிள்ளி, அடிப்புறம் மேலே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வையுங்கள். தண்டோடு சேர்ந்த முனை இடப்பக்கம், நுனி வலப்பக்கம். இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலைக் கக்கத்தையும் லென்ஸில் பார்த்துக்கொண்டே போங்கள். சூலகத்தின் புடைப்பு நடுவில் தெரிந்தால் பெண்பூ. புடைப்பு இல்லாமல் மஞ்சள் புள்ளியாக மகரந்தப் பைகள் தெரிந்தால் ஆண்பூ; அது பெண்பூவைவிடச் சிறியது.

அமாரஸில் முதல் ஓரிரு கக்கங்களில் ஆண்பூ மட்டும் இருக்கும். அதற்குப் பிறகு நுனிவரை ஒவ்வொரு கக்கத்திலும் ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஜோடியாக. இந்த ஜோடிதான் அமாரஸின் கையெழுத்து. ஆனால் ஆண்பூ வேலை முடிந்ததும் உதிர்ந்துவிடும், அதனால் கிளையின் நடுப்பகுதியில் காய் மட்டும் தனியாகத் தெரியும். ஜோடியைப் பார்க்க வேண்டுமானால் நுனிப்பக்கம் இளம் கக்கங்களைத் தேட வேண்டும். இது தெரியாமல் நடுக்கிளையை மட்டும் பார்த்துவிட்டு 'ஜோடி இல்லையே' என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

ஃப்ராட்டெர்னஸிலும் டெபிலிஸிலும் கிளையின் அடிப்பகுதிக் கக்கங்களில் ஆண்பூக்கள் மட்டும் கொத்தாக, அதற்குப் பிறகு நுனிவரை பெண்பூ தனியாக. ஜோடி கிடையாது. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது கொஞ்சம் நுணுக்கமான வேலை: டெபிலிஸின் இலை இரு முனையிலும் குறுகிக் கூர்மையாக முடியும், ஃப்ராட்டெர்னஸின் இலை ஒடுங்கிய நீள்சதுரம், நுனி மழுங்கல், புல்லி இதழின் வெள்ளைக் கரை அகலமாக இருக்கும். அமாரஸ் தேடுகிறவருக்கு இந்த வேறுபாடு அவசியமில்லை, இரண்டும் அமாரஸ் இல்லை என்று தெரிந்தால் போதும்.

யூரினேரியாவில் எல்லாம் தலைகீழ். அடிப்பகுதியில் பெண்பூ, நுனியில் ஆண்பூ. காய்கள் கிளையின் தண்டுப் பக்கப் பாதியில் குவிந்து, நுனிப்பாதி காலியாக இருப்பதைச் சற்றுத் தள்ளி நின்றே கவனிக்கலாம்.

ஏழாம் படி: விதை

காய் முற்றினால் மூன்று துண்டாக வெடித்து விதையைத் தெறிக்கும். ஓர் அறையில் இரண்டாக, ஒரு காயில் ஆறு விதை. பழுப்பேறத் தொடங்கிய காய்கள் நான்கைந்தைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து வைத்தால் மறுநாள் விதை உதிர்ந்திருக்கும். திறந்த தட்டில் வைத்தீர்கள் என்றால் வீட்டு மூலையில்தான் தேட வேண்டும்.

விதை ஆரஞ்சுச் சுளை வடிவில் இருக்கும். முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். அமாரஸில் முனையிலிருந்து முனைக்கு நீளவாக்கில் ஐந்தாறு வரம்புகள் ஓடும். யூரினேரியாவில் வரம்புகள் குறுக்குவாக்கில், பன்னிரண்டுக்கும் மேல் நெருக்கமாக. மேலாநெல்லியில் வரம்பே இல்லை, சிறு புள்ளிகள் வரிசை வரிசையாக. 10 மடங்கு லென்ஸில் இது தெரியும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். காலை வெயிலில் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் நிழல் விழுந்து கோடுகள் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் பார்த்தால் வழவழவென்றே தோன்றும்.

ஃப்ராட்டெர்னஸ் விதையிலும் நீளவாக்கு வரம்புதான். ஆகவே நீளக்கோடு இருந்தால் அமாரஸ் என்று சொல்லிவிட முடியாது. குறுக்குக்கோடு இருந்தால் அமாரஸ் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பதிவு செய்வது

படம் எடுக்கும்போது நான்கு படங்கள் இருந்தால் போதும்: முழுச் செடி, கிளையின் அடிப்புறம், ஸ்கேலோடு காய், காய்க்கு அடியில் விரிந்த இதழ்கள். செயலிகள் பெரும்பாலும் தடுமாறுவதற்குக் காரணம், மேலிருந்து எடுத்த ஒரே படத்தை அவற்றுக்குக் கொடுப்பதுதான். இந்த ஐந்து செடிகளும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

செடியைப் பத்திரப்படுத்த வேண்டுமானால் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றுங்கள், முதல் சில நாள் தினமும் தாளை மாற்றுங்கள். குறைந்தது ஒரு கிளையாவது அடிப்புறம் மேலே தெரியும்படி இருக்கட்டும். விதைப் பொட்டலத்தையும் கூடவே வையுங்கள். நிறம் காய்ந்தால் போய்விடும், ஆகவே தண்டு பச்சையா சிவப்பா, எந்த மாதிரி மண், நிழலா வெயிலா, என்ன தேதி, எந்த ஊர் என்பதை அன்றே எழுதிவிடுங்கள். இப்படிப் பதப்படுத்திய செடியும் குறிப்பும் இருந்தால், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்திலோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்திலோ (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் இடம்) உள்ள மாதிரிகளோடு ஒப்பிட வழி உண்டு. கையில் கசங்கிய செடியைக் கொண்டுபோனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மருந்துக்குப் பறிக்கிறவர்களுக்கு

அடையாளம் சரியாக இருப்பது ஒரு பக்கம், செடி நின்ற இடம் இன்னொரு பக்கம். களைக்கொல்லி அடித்த வரப்பு, சாக்கடை ஓரம், நெடுஞ்சாலை ஓரம் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பேச்சு. 1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து, ஹெபடைட்டிஸ் பி கிருமியை உடலில் சுமந்தவர்களுக்கு அமாரஸ் பொடி கொடுத்துச் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. மருந்து உண்டவர்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களில் 4 விழுக்காடு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலைக்குக் காரணம் கிருமியாக இருக்கலாம், பித்தப்பாதையில் கல் அடைத்ததாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை. செடி தேடுவது அதற்குப் பிறகுதான்.

காய்ந்த செடிக்கட்டு வாங்கும்போது

கடையில் பொடியாக வாங்கினால் கண்ணால் அடையாளம் காண வழியே இல்லை. கட்டாக, முழுச் செடியாக வாங்குங்கள். அப்போதும் இலை உதிர்ந்து குச்சிதான் மிஞ்சியிருக்கும், ஆனால் காய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். காயோடு கூடிய கிளைகள் நான்கைந்தை வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டால் இளகிவிடும். புல்லி இதழ் விரிந்துகொடுக்கும், எண்ணலாம். குச்சிகளுக்கு நடுவே கட்டைத்த தண்டுகள் தென்பட்டால் மேலாநெல்லி கலந்திருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் பறித்ததை ஒன்றாகக் கட்டுவார்கள் என்பதால், ஒரு குச்சியைச் சோதித்துவிட்டுக் கட்டு முழுவதற்கும் பெயர் வைக்க முடியாது.

அதைவிடச் சுலபமான வழி, பையின் அடியில் இருக்கிறது. செடிக்கட்டை வெளியே எடுத்துவிட்டுப் பையை வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். இலைத் தூளோடு விதைகளும் உதிரும். தூளை ஊதிவிட்டு விதைகளைப் பரப்பி லென்ஸில் பாருங்கள். நீளக்கோடு விதை, குறுக்குக்கோடு விதை, புள்ளி விதை மூன்றும் கலந்து கிடந்தால், கட்டுக்குள் எத்தனை இனம் இருக்கிறது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். நீளக்கோடு மட்டும் இருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய் இதழை எண்ண வேண்டும்.